பா பா பா பா தா

ஊசி இல்லாத சிரிஞ்சு சார், பாருங்க என்று முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண். தானாக எடுத்துக் காட்டுகிறவர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். லாரி விற்க வந்தவன் நாம் கேட்பதற்கு முன்னால் பானட்டைத் தூக்கிக் காட்டினான் என்றால் கோளாறு பானட்டுக்குள் இல்லை, கீழே சேசிஸில் இருக்கிறது என்று அர்த்தம். சட்டை அழுக்கானால் ஆகட்டும் என்று மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். இங்கே எங்கே படுப்பது. என் மகள் தன்விகா தலையில் ஒரு நீலக் குல்லா, குல்லா நிறைய ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கம்பி, எல்லாக் கம்பியும் சடை போட்ட மாதிரி ஒன்றாகச் சேர்ந்து முதுகுப் பக்கமாகப் போய் ஒரு பெட்டிக்குள் நுழைகிறது. அந்தச் சிரிஞ்சில் பசை மாதிரி எதையோ நிரப்பி ஓட்டை ஓட்டையாக விட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள் என்று போனில் சொல்லியிருந்தார்களாம். வெளியூர் போகிற பிள்ளையை எண்ணெய் வைத்து வாரிவிடாமல் அனுப்பினால் என் மனைவி பூங்கொடிக்குத் தூக்கம் வராது. கொஞ்சூண்டுதானுங்க வெச்சேன் என்றாள். வந்ததும் வராததுமாக அங்கிருந்த வாஷ்பேசினிலேயே பிள்ளையைக் குனிய வைத்து ஷாம்பு போட்டு அலசினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் வண்டியைக் கழுவுவது போல. பெட்டிக்குள் என்னம்மா இருக்கு என்றேன். அது கேட்டுக்கிட்டு மட்டும்தான் சார் இருக்கும், கரண்டு எதுவும் உள்ள போகாது என்கிறாள். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற ஒருத்தனை நான் இந்த வயதுவரைக்கும் பார்த்ததில்லை. கேட்கிறவன் எதற்கோதான் கேட்பான். நீ வாய் விடுவாய், அதில் உன் அவசரம் தெரியும், அவசரம் தெரிந்தால் உன் கழுத்து அவன் கையில். சங்ககிரியில் கிளீனராக லாரி ஏறின நாளிலிருந்து அடிபட்டு அடிபட்டு நான் படித்த படிப்பு இது ஒன்றுதான்.

ஜெசிந்தா என்று பெயர் சொன்னாள். தூத்துக்குடிப் பக்கமாம். கோயமுத்தூருக்கு வந்து இந்தக் கல்லூரியில் திக்குவாய்ப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஒரே ஆள்தான் உள்ளே இருக்கலாம் என்றதும் நான்தான் இருப்பேன் என்றேன். நீங்க கத்தாம இருப்பீங்களா என்று பூங்கொடி எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் எப்ப கத்துனேன் என்று கேட்டேன், அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தாலும் உள்ளே வந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் என் பிள்ளை தலைக்குள் எவளும் எதுவும் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஜெசிந்தா சொன்னாள்: சார், சத்தம் ஓடிட்டு இருக்கும்போது பேசக் கூடாது. பாப்பா படத்தைப் பார்த்துட்டு இருக்கட்டும், நீங்க சும்மா பின்னால உக்காந்திருங்க. நீங்க பேசினா அதுவும் பாப்பா மூளையில பதியும், எங்களால பிரிக்க முடியாது. அது என்ன பேச்சு. நான் பேசினால் பதியும் என்றால் என்ன அர்த்தம். வீட்டில் நான் பேசியதெல்லாம் எங்கே பதிந்து கிடக்கிறது. அதைத்தான் எடுக்கப் போகிறார்களா. தன்விகா என் பக்கம் திரும்பவில்லை. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு எதிரில் டிவியைப் பார்க்கிறாள். ஒரு கரடி குளத்தில் மீன் பிடிக்கிறது, சத்தமே இல்லாமல். பொங்கலுக்கு அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அப்பனோடு பேச்சை நிறுத்துமா. நிறுத்தியிருக்கிறாள். அம்மாவின் காதில் சொல்வாள், அம்மா என்னிடம் சொல்வாள், நடுவில் தரகர் வைத்து வியாபாரம் பேசுகிற மாதிரி. நான் கேட்டால் தலையாட்டுவாள். பழைய லாரித் தரகர் தொழிலே பார்க்கிறவனுக்குச் சொந்த வீட்டில் தரகர். இவர்கள் இதையாவது சரி பண்ணிக் கொடுப்பார்களா என்றுதான் வந்தேன், பூங்கொடியிடம் அப்படிச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கணுமே என்றேன்.

பா. பா. பா. பா. தா. ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, பொம்பளைக் குரல், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. பா. பா. பா. பா. பா. தா. முதலில் ரேடியோ எங்கேயோ கெட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். பா. பா. பா. அப்புறம்தான் உறைத்தது. பிள்ளையை உட்கார வைத்து, கை காலை அசைக்காதே என்று சொல்லி, ஸ்பீக்கரைத் திக்க வைக்கிறார்கள். என் பிள்ளை முன்னால். திக்கிக் காட்டுகிறார்கள். எங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரன் மகன் ஒருத்தன் இப்படித்தான் காட்டினான், சைக்கிளில் போய்க்கொண்டே த த த தன்வி என்று கூப்பிட்டான், அவன் சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். அவன் வாண்டுப் பயல். இவள் இவ்வளவு படித்தவள், ஏசி ரூம் போட்டு, கதவு இடுக்கில் ரப்பர் வைத்து அடைத்து, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். பா. பா. பா. எழுந்து போய் அந்தக் கம்பியை ஒரே பிடுங்காகப் பிடுங்கினால் என்ன. கை நாற்காலி விளிம்பைப் பிடித்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்றால், கத்தாம இருப்பீங்களா என்று கேட்டவள் வெளியில் இருக்கிறாள். அவள் வாயில் விழுவதைவிட இந்த நாற்காலியில் வேகலாம்.

முன்னாலேயே ஜெசிந்தா விளக்கம் சொன்னாள்தான், இல்லையென்று சொல்லவில்லை, நான்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், பேச்சைக் கேட்கவில்லை. வியாபாரத்தில் பேச்சைக் கேட்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்துட்டு, நடுவில் வேற ஒரு சத்தம் வந்தா மூளை அதைச் சட்டுனு கவனிக்கும் சார், அந்தக் கவனிப்பு எப்படி இருக்குன்னு பார்க்கிறோம் என்றாள். எம் பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குமே அம்மா, நான் பைபாஸ்ல இருந்து தெருவுக்குள்ள திரும்பும்போதே எம் புல்லட்டுச் சத்தத்தக் கேட்டுட்டு உள்ள ஓடிருவாளே என்றேன். சொன்ன பிறகுதான் உள்ளே ஓடிருவா என்று சொல்லிவிட்டது தெரிந்தது. அவள் முகத்தில் எதுவும் காட்டவில்லை. காதில் குறைன்னு சொல்லலை சார், கேட்கிறதும் பேசறதும் மூளைக்குள்ள கைகோத்துக்கிட்டுப் போறது, திக்குற பிள்ளைங்க சிலபேர்கிட்ட அது கொஞ்சம் வேற மாதிரி இருக்குமோன்னு ஒரு யோசனை. இருக்குமா இருக்காதா என்றேன். இன்னும் உறுதியாத் தெரியாது சார், அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு பிள்ளைங்களைப் பார்க்கிறோம், திக்காத பிள்ளைங்களையும் பார்க்கிறோம். பொய் சொல்கிறவனைச் சமாளித்துவிடலாம். தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவனை எங்கே பிடிப்பது. இஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு என்றால் தெரியாதுங்க என்பான், அதற்கு மேல் பேச்சே இல்லை, நாமேதான் காது வைத்துக் கேட்க வேண்டும். அப்புறம் அந்த இன்னொரு கேள்வி. உங்க வீட்டுல வேற யாருக்காவது திக்கு உண்டா சார்? இவளோட தாய்மாமன் ஒருத்தரு இருக்காரு என்று பூங்கொடியைக் கை காட்டினேன். அவரு திக்கித் திக்கியாச்சும் சொல்ல வந்ததச் சொல்லி முடிச்சிருவாருங்க என்றாள் பூங்கொடி. எதற்கு அப்படிச் சொன்னாள். யாரைக் குத்தினாள்.

பா. பா. பா. பா. பா. பா. தா. தா வரும்போது பிள்ளையின் தலை அசைகிறதா என்று பார்க்கிறேன். இல்லை. குல்லாவின் கம்பிகள் மட்டும் லேசாக ஆடுகின்றன. நானும் காது வைத்துத்தான் வண்டி வாங்குகிறேன். நீள ஸ்க்ரூட்ரைவரின் முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காது மடலில் அழுத்தினால் உள்ளே ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாகப் பேசும். அந்த நேரத்தில் பக்கத்தில் எவனாவது தும்மினால்கூட அடிக்கப் போய்விடுவேன். அதுவும் இஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கேட்க வேண்டும். விற்கிறவன் நாம் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருப்பான், சூட்டில் தட்டுகிற சத்தம் அமுங்கிவிடும். தன்விகாவும் அப்படித்தான் எதையோ மறைக்கிறாள் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ஒருநாள் மழை கொட்டுவது போலப் பேசுவாள், மறுநாள் அப்பா என்று சொல்வதற்குள் கழுத்து நரம்பு புடைக்கும். நேற்று வந்த பேச்சு இன்றைக்கு எங்கே போகும், வேண்டுமென்றே பண்ணுகிறாளோ. பூங்கொடியிடம் கேட்டும்விட்டேன். உங்களுக்கு எல்லாருமே உங்கள ஏமாத்தத்தான் பொறந்தவங்க என்றாள். யாரோ சொன்னார்கள் என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தோம். பெயர் ராசி சரியில்லை என்று ஒருத்தன் எழுத்தை மாற்றச் சொன்னான், அவனைத் துரத்திவிட்டேன். நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுதான், அவள் எங்கே சிக்குகிறாளோ அங்கே நான் எடுத்துக் கொடுத்துவிடுவது. பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன கல்லா. பாலா வேணும்? பொம்மையா? வெளிய போகணுமா? எதிராளி வாய் திறந்து விலை சொல்வதற்கு முன்னால் நான் ஒரு விலையைப் போட்டுவிடுவேன், அதுதான் என் கைராசி என்று சந்தையில் பேச்சு. இரண்டாவது மூன்றாவது சொல்லிலேயே அவள் ஆமா என்பாள். ஆமா என்பது மட்டும் அவளுக்குத் திக்கவே திக்காது. எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன். லாரி விற்க வந்து வெயிலில் ரொம்ப நேரம் நின்று களைத்துப் போனவன், சரி எடுத்துக்கிட்டுப் போங்க என்று சாவியைக் கொடுக்கும்போதும் இப்படித்தான் ஆமா என்பான். அவன் முகம் இப்போது ஏன் ஞாபகம் வருகிறது.

பொங்கல் கழிந்த வாரம்தான் ஒரு நாய் விவகாரம். எதிர்வீட்டு டைலர் கந்தப்பன் வளர்த்த செவலை நாய், டைகர் என்று பெயர், பார்த்தால் பூனைகூடப் பயப்படாது. கந்தப்பன் ஒருதடவை என் வாசலில் நின்று, ஏனுங்க, உங்க பாப்பா எங்க டைகருகிட்ட மட்டும் கடகடன்னு பேசுதுங்க, ஒரு எடத்துலயும் திக்கறதில்ல என்றான். அப்ப எங்கிட்டப் பேசறதுக்கு நான் வாலாட்டோணுங்களா என்று கேட்டேன். அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என்னைக் குத்தத்தான் சொன்னான். அப்புறம் ஒருநாள் நான் வண்டி பார்த்துவிட்டு வந்து இறங்குகிறேன், தன்விகா தெருவிலிருந்து ஓடி வருகிறாள், முழங்கால் சிராய்த்திருக்கிறது, கண்ணெல்லாம் தண்ணீர். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. இந்தத் திக்கு அப்படி, சில சமயம் திருப்பித் திருப்பிச் சொல்வாள், சில சமயம் ஒன்றுமே வராது, கதவு சாத்திக்கொண்ட மாதிரி நிற்கும். என்ன கண்ணு? உளுந்துட்டியா? எவனாச்சும் அடிச்சானா? சொல்லு சாமி, அந்த நாய் கடிச்சுதா? டைகரு கடிக்க வந்துச்சா? ஆமா என்றாள். சட்டென்று சொன்னாள். அதோடு சரி, நான் தெருவை இரண்டாக்கிவிட்டேன். கந்தப்பன் கும்பிட்டான், அது பாப்பா பின்னாலயே கொழைஞ்சுக்கிட்டு சுத்தற நாயுங்க என்றான். பல்லுப் பட்ட தடமே இல்லீங்களே என்று பூங்கொடி முழங்காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். பாய வந்திருக்கும்டி, இவ உளுந்திருப்பா என்றேன். சாயங்காலம் கந்தப்பன் அதை ஒரு மினி வேனில் ஏற்றி, பவானிப் பக்கம் மச்சான் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டான். வேன் போகும்போது தன்விகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாய் திறந்தே இருந்தது. போயிருச்சு கண்ணு, இனிமே வராது, பயப்படாதே என்று நானே சொன்னேன். அதற்கும் ஆமா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

பா. பா. பா. இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஜெசிந்தாவின் முகம் பாதி தெரிகிறது. திரையில் கோடு கோடாக ஓடுவதைப் பார்க்கிறாள். பக்கத்தில் இன்னொரு பையன், அவனும் முகத்தில் எதையும் காட்டவில்லை. நல்ல வியாபாரிகள். கோடு என்ன சொல்கிறது. பேனாவால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள், என்னைப் பார்க்கிறாளா, என்னைத்தான் பார்க்கிறாள், சட்டென்று கண்ணை எடுத்துக்கொள்கிறாள். கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தக் குரலுக்கு இப்படிக் கோடு போகிறது, அந்த ஆள் குரலுக்கு எப்படிப் போகும் என்று பேசிக்கொள்வார்கள். நான் போனில் பார்ட்டிகளைத் திட்டும்போது, பிரேக் டிரம் தெறிக்கிற மாதிரி நான் சத்தம் போடும்போது, அந்தக் கோடு எங்கே போய் முட்டியிருக்கும். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பிள்ளை கேட்டிருப்பாளே. அப்பனால்தான் இப்படி ஆச்சு என்று எழுதிவிடுவார்களா. உள்ளே வருவதற்கு முன்னாலேயே கேட்டேன், பெத்தவங்க கோவக்காரங்களா இருந்தா இது வருமா அம்மா என்று, வேறு யாருக்கோ கேட்பது போல. அப்படியெல்லாம் யாராலயும் வராது சார், உங்க மேல பழி போட்டுக்காதீங்க என்றாள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவளை எப்படி நம்புவது. விலையைக் கேட்டவுடனே சரி என்கிறவன் வண்டியில் என்னவோ இருக்கிறது. ஆனா திக்கு வந்தது வேற, நம்ம நடந்துக்கறது வேற சார், பாப்பா பேசும்போது கொஞ்சம் பொறுத்திருங்க, அது போதும் என்றும் சொன்னாள். பொறுக்கிறேன், பொறுக்காமலா. இஞ்சினுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இஞ்சினுக்கு.

தன்விகா டிவியைப் பார்க்கவில்லை. இப்போதுதான் கவனித்தேன். கரடி மீனை விட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டது, அவள் அதைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து மூலையில் இருக்கிற ஸ்பீக்கரைப் பார்க்கிறாள். பா. பா. பா. பா. பா. பிள்ளையை நோகடித்துவிட்டார்கள், கண்டுகொண்டுவிட்டாள், அழப்போகிறாள் என்று பாதி எழுந்துவிட்டேன். அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அழுகை இல்லை. கோபம் இல்லை. டைகருக்குப் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது பயம் தெளிந்து கிட்டே வரட்டும் என்று குந்தியிருப்பாளே, அந்த முகம். உதடு லேசாகப் பிரிந்து, புருவம் தூக்கி, சொல்லு சொல்லு என்கிற மாதிரி. தா என்று வந்ததும் இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினாள், அது சொல்ல வந்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியுமாம், திரும்பவும் பா. பா. பா. என்று அது ஆரம்பித்ததும் சரி என்று திரும்பவும் காத்திருந்தாள். எவ்வளவு நேரமாக இப்படிக் காத்திருக்கிறாள். நான் கம்பியைப் பிடுங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாமா. பா. பா. பா. சத்தம் நின்றது. அப்படியே, பா என்பதிலேயே நின்றுவிட்டது. ஏசி மட்டும் இரைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஜெசிந்தா எழுந்திருப்பது தெரிந்தது.

முடிஞ்சிருச்சு கண்ணு என்று வாயெடுத்தேன். அவள் திரும்பாமலேயே கையைத் தூக்கி என் பக்கம் உள்ளங்கையைக் காட்டினாள். போக்குவரத்துப் போலீஸ்காரன் பத்துச் சக்கர லாரியை நிறுத்துவது போல. இ... இ... இருங்கப்பா. அ... அதே சொ... சொல்லட்டும். பொங்கலுக்கு அப்புறம் முதல் பேச்சு. கதவு திறந்தது, ஜெசிந்தா சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, சூப்பர் என்றோ என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், நான் உதட்டில் விரலை வைத்துவிட்டேன். படித்த பெண்ணைச் சத்தம் போடாதே என்று விரல் காட்டினேன். அவளும் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் ஸ்பீக்கரைப் பார்த்தோம். அது ஒன்றும் சொல்லவில்லை. தன்விகா பார்த்தாள் பார்த்தாள், பிறகு குல்லாவும் கம்பியுமாக மெதுவாக என் பக்கம் திரும்பினாள். முழு முகமாக. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் ஒருதடவை மூடித் திறந்தது. என் நாக்கில் வரிசையாக நிற்கின்றன, தண்ணி வேணுமா, குல்லா வலிக்குதா, வீட்டுக்குப் போலாமா, எதைப் போட்டாலும் ஆமா என்றுவிடுவாள், இந்த அவஸ்தை இந்த நிமிடமே முடிந்துவிடும். பல்லைக் கடித்தேன். ஜெசிந்தா என்னைப் பார்க்கிறாள், பார்த்துத் தொலையட்டும். டை... என்றாள். டை... டை... டைகரு என்னைய க... க... கடிக்கலப்பா.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஏதோ இருந்தது, தொண்டைவரைக்கும் வந்து அப்படியே நின்றது, சாத்தின கதவை முட்டுகிற மாதிரி. என் பிள்ளை குல்லாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல், தலையைச் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.